வெட்டலாமா, விட்டுவிடலாமா: ராக் பதிவில் எடிட்டிங்கின் அளவை முடிவுசெய்ய ஒரு முழு வழிகாட்டி

பழைய ராக் பதிவுகளெல்லாம் ஒரே மூச்சில் வாசித்தவை, இன்றையவையெல்லாம் கணினியில் தைத்தவை என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. 1966 இறுதியில் பீட்டில்ஸ் பதிவுசெய்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலில் வேகமும் சுருதியும் வேறான இரண்டு டேக்குகள் (டேக் என்பது ஒரு முறை வாசித்துப் பதிவுசெய்தது) ஒட்டப்பட்டிருக்கின்றன. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப் ஓடும் வேகத்தை மாற்றி இரண்டையும் பொருத்தினார்கள். ஒட்டு, பாடலின் முதல் நிமிடம் முடியும் இடத்தில் இருக்கிறது. தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978) மேடைப் பதிவு என்றுதான் விற்றது. அதில் முக்கால் பங்கு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்தது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. அவ்வளவெல்லாம் இல்லை என்றது இசைக்குழுத் தரப்பு. மறுபக்கம் பார்த்தால், ஃபூ ஃபைட்டர்ஸ் 2011இல் வெளியிட்ட 'வேஸ்டிங் லைட்' ஆல்பத்தை குழுத் தலைவர் டேவ் குரோலின் வீட்டு கராஜில், டேப்பில், கணினி இல்லாமல் பதிவுசெய்தார்கள்.

அப்படியானால் மாறியது என்ன? டேப்பைப் பிளேடால் வெட்டும்போது அதில் உள்ள 16 அல்லது 24 ட்ராக்குகளும் (தனித்தனி ஒலிவரிசைகளும்) சேர்ந்தே வெட்டுப்படும். டிரம்மரை மட்டும் அரை அங்குலம் நகர்த்த முடியாது. நான்கு பேர் சேர்ந்து வாசித்த ஒரு பல்லவியை எடுத்து இன்னொரு டேக்கில் வைத்தால், அந்த நான்கு பேருக்கும் இடையே அந்த நொடியில் இருந்த பிடிமானமும் கூடவே வரும். (80களிலேயே மெட்டல் பதிவுகளில் டிரம்ஸ் டேப்பைத் தனியாக வெட்டி ஒட்டியதுண்டு, ஆனால் அதற்கு நாள்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது.) 1991இல் ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வந்து, 90களின் கடைசியில் அது ஸ்டுடியோக்களில் வேரூன்றிய பிறகு, ஒரே ஒரு ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் முதன்மை டிரம்) அடியை மட்டும் பிடித்து இழுக்க முடிந்தது. டிரம்ஸைக் க்ரிட்டுக்கு, அதாவது திரையில் தாளத்தைக் காட்டும் சம இடைவெளிக் கோடுகளுக்கு, நேராக்குகிறோம், பிறகு பாஸைக் க்ரிட்டுக்கு, பிறகு கிட்டாரைக் க்ரிட்டுக்கு. முடிவில் எல்லோரும் க்ரிட்டோடு ஒத்துப்போகிறார்கள், ஒருவரோடு ஒருவர் வாசிப்பதில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது: எவ்வளவு திருத்துகிறோம் என்பதைவிட, எதை அளவுகோலாக வைத்துத் திருத்துகிறோம் என்பதே ஒரு பதிவின் உயிரைத் தீர்மானிக்கிறது.

படி 1: பாட்டு எவ்வளவு துல்லியம் கேட்கிறது என்று கணக்குப் போடுங்கள்

ரசனைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எண்களைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் ஓடும் ஒரு மெட்டல் பாட்டில், ஒரு பீட்டின் நான்கில் ஒரு பங்கு 75 மில்லி விநாடி. டபுள் கிக் (கிக் என்ற பெரிய டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி அடிப்பது) அந்த இடைவெளியில்தான் விழுகிறது. அதில் ஓர் அடி 20 மில்லி விநாடி தள்ளி விழுந்தால், இடைவெளியில் கால் பங்குக்கு மேல் பிசகு. காது உடனே தடுக்கும். அதே 20 மில்லி விநாடி, 70 பீட் வேகத்தில் நகரும் ப்ளூஸ் சாயல் உள்ள பாட்டில் வந்தால்? அங்கே அந்த இடைவெளி ஏறத்தாழ 214 மில்லி விநாடி. பிசகு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரம்மர் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார் என்றுதான் தோன்றும்.

ஆகவே, 'நாங்கள் எடிட்டிங்கே செய்ய மாட்டோம்' என்ற கொள்கையும் 'எல்லாவற்றையும் நேராக்கிவிடுவோம்' என்ற வழக்கமும் ஒரே மாதிரி சோம்பேறித்தனம். ஒரே ஆல்பத்திலேயே ஒரு பாட்டுக்கு மிக நெருக்கமான எடிட்டிங் தேவைப்படலாம், அடுத்த பாட்டை முற்றிலும் தொடாமல் விடலாம். பதிவுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஒரு வரி எழுதிவையுங்கள்: இறுக்கமா, தளர்வா, இடைப்பட்டதா. குழுவில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளட்டும். மிக்சிங் (ட்ராக்குகளை ஒன்றாகக் கலக்கும்) நேரத்தில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கே முடிந்துவிடும்.

படி 2: கிளிக் வேண்டுமா?

ஹெட்ஃபோனில் வேகத்தைக் காட்டும் டிக்-டிக் ஓசையான கிளிக் ட்ராக்கை எதிரியாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி காட்டும் சான்று ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' (1969). தொடக்கத்தில் இருந்த வேகம் வேறு, முடிவில் இருக்கும் வேகம் வேறு. அந்த ஏற்றம்தான் பாட்டின் இழுப்பே. ஆனால் எல்லா வேக ஏற்றமும் அப்படி அமைவதில்லை. நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' பதிவில், 'லித்தியம்' பாடலை வாசிக்கும்போது வேகம் கூடிக்கொண்டே போனதால், தயாரிப்பாளர் புட்ச் விக் சொல்லி அப்போது அந்தக் குழுவின் டிரம்மராக இருந்த டேவ் குரோல் கிளிக்குக்கு வாசித்தார். குரோலே கிளிக் போட்டு வாசித்திருக்கிறார் என்றால் அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

முடிவுசெய்ய எளிய வழி இது. ஒத்திகையில் கிளிக் இல்லாமல் பாட்டை இரண்டு மூன்று முறை முழுதாக வாசித்து ஃபோனில் பதிவுசெய்யுங்கள். டெம்போ (பாட்டின் வேகம்) தட்டிப் பார்க்கும் செயலி ஒன்றை வைத்து, ஒவ்வொரு பகுதியின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பல்லவியில் இரண்டு மூன்று பீட் கூடி, சரணத்தில் மறுபடி இறங்குகிறதா? அது பாட்டின் குணம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏறுகிறதா? அது ஒத்திகைக் குறைவு. பதிவை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், செலவு மிச்சம்.

முதல் வகை என்றால், அந்த ஏற்ற இறக்கத்தையே டெம்போ வரைபடமாகக் கணினியில் போட்டுவிடலாம். கிளிக்கும் பாட்டோடு சேர்ந்து ஏறும், இறங்கும். பலரும் மறந்துவிடும் வழி இதுதான். கிளிக் என்றால் முதல் நொடி முதல் கடைசி வரை ஒரே எண் என்று யாரும் சட்டம் போடவில்லை. இன்னொரு வழி, தொடக்க எண்ணிக்கைக்கு மட்டும் கிளிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவது. எல்லா டேக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தொடங்கும், அதன்பின் குழு தன் போக்கில் போகும். டேக்குகளை ஒன்றோடொன்று ஒட்டும்போது இது பெரிய உதவி.

கிளிக்கை டிரம்மருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் அவரைக் கேட்டு வாசிக்கட்டும். எல்லோர் ஹெட்ஃபோனிலும் கிளிக் ஓடினால், நான்கு பேரும் தனித்தனியாக ஓர் இயந்திரத்தோடு உறவு வைத்துக்கொள்வார்கள்.

படி 3: அறையில் எவ்வளவு கலக்கவிடுவது

பின்னால் எவ்வளவு திருத்த முடியும் என்பதை மென்பொருளைவிட மைக் வைக்கும் விதம்தான் முடிவுசெய்கிறது. கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) டிரம்ஸ் பக்கத்திலேயே முழங்கினால், டிரம்ஸ் மைக்குகள் அத்தனையிலும் கிட்டார் இருக்கும். பிறகு கிட்டாரில் ஒரு தப்பைத் திருத்தினாலும், பழைய தப்பு ஸ்நேர் மைக்குக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். இப்படிப் பதிவுசெய்தால் திருத்தம் என்பது முழு டேக்கையே மாற்றுவது என்றாகிவிடும். சில குழுக்களுக்கு இந்தக் கட்டாயம் நல்லது. தேர்வு என்பதே இல்லாதபோது கவனம் தானாக வரும்.

லெட் செப்பலினின் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டின் டிரம்ஸ், ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில், மேலே வைத்த இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளால் பதிவானது. அந்தப் பதிவில் கிக்கைத் தனியாக நகர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிக், ஸ்நேர், சிம்பல், படிக்கட்டு எல்லாம் ஒரே ஒலி. அந்தக் குழுவின் டிரம்மர் ஜான் பானம் போல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இது போதும்.

பெரும்பாலான குழுக்களுக்கு நான் சொல்வது நடுவழி. வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி நிற்கட்டும். ஆம்ப்களை மட்டும் அடுத்த அறையிலோ, கெட்டியான போர்வை மூடிய மூலையிலோ வையுங்கள். பாஸையும் கிட்டாரையும் ஆம்ப் மைக்கோடு சேர்த்து நேரடி லைனிலும் (ஆம்ப் இல்லாமல் கருவியில் இருந்தே) ஒரு ட்ராக் எடுத்துவிடுங்கள். பார்வைத் தொடர்பு இருக்கும், கலப்பு குறையும், கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பாடகர் வழிகாட்டிக் குரலை உண்மையாகவே பாடட்டும், முணுமுணுக்க வேண்டாம். டிரம்மர் எந்த வேகத்தில் அடிப்பது, எங்கே அடக்குவது என்பதையெல்லாம் அந்தக் குரலில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு சின்னக் கணக்கும் இங்கே உதவும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. டிரம்ஸில் இருந்து நான்கு மீட்டர் தள்ளி வைத்த அறை மைக்கில் ஸ்நேர் 12 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். திரையில் பார்க்கும்போது அது 'தப்பு' மாதிரி தெரியும். அதை முன்னே இழுத்து நேராக்காதீர்கள். அந்தத் தாமதம்தான் அறை பெரியது என்று காதுக்குச் சொல்கிறது.

படி 4: டேக் எடுக்கும் முறை

மூன்று முதல் ஐந்து முழு டேக். அதற்கு மேல் போனால் கை ஓய்ந்துபோய், வாசிப்பு கவனமாகவும் உயிரில்லாமலும் ஆகும். அதோடு நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வாருங்கள்.

வரிசையும் முக்கியம். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கடைசிக்கு வைக்கப்பட்டது. ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம், தொண்டையும் ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஆல்பத்தில் இருப்பது முதல் டேக். கச்சா வாசிப்பின் புனிதக் கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இது நல்ல திட்டமிடலின் கதையாகத்தான் படுகிறது. தொண்டையைத் தீர்த்துவிடும் பாட்டை முதலில் வைத்திருந்தால் மற்ற ஒன்பதும் போயிருக்கும்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி சரிபார்க்க வேண்டும், கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும். டேக் ஓடும்போது வாசிக்காத ஒருவர் காகிதத்தில் குறிப்பெடுக்கட்டும்: இரண்டாவது சரணம் அருமை, பாலம் (பாட்டின் இடைப்பகுதி) தடுமாற்றம் என்பது போல. முடிவில் டிரம்மரை ஒவ்வொரு டிரம்மையும் சிம்பலையும் தனித்தனியாக, மெல்லியது முதல் வலுவானது வரை சில முறை அடிக்கச் சொல்லிப் பதிவுசெய்துவிடுங்கள். பின்னால் ஓர் அடி கெட்டுப்போயிருந்தால், அதே அறையின் அதே டிரம் கிட்டில் இருந்தே ஒட்டுப்போட ஏதாவது கையில் இருக்கும். பத்து நிமிட வேலை இது. செய்யாதவர்கள் பிறகு இணையத்தில் ஸ்நேர் சாம்பிள் (வேறு யாரோ பதிவுசெய்த தனி அடி) தேடிக்கொண்டிருப்பார்கள்.

படி 5: முதலில் எல்லோரையும் சேர்த்து வெட்டுங்கள்

எடிட்டிங் தொடங்கும்போது ஒரு டேக்கை அடித்தளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதில் தப்பு குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிட்டாரையும் குரலையும் ஊமையாக்கிவிட்டு, டிரம்ஸும் பாஸும் மட்டும் ஓட விடுங்கள். எந்த டேக்கில் உங்கள் கால் தானாகத் தாளம் போடுகிறதோ அதுதான் அடித்தளம். கிட்டாரில் இருபது தப்பு இருந்தாலும் பரவாயில்லை, கிட்டாரை மறுபடி வாசிக்கலாம்.

அந்த டேக்கில் எந்தப் பகுதி பலவீனமோ, அதை மட்டும் வேறு டேக்கில் இருந்து கொண்டுவாருங்கள். அப்போது எல்லா ட்ராக்குகளையும் ஒரே குழுவாகக் கட்டி, டேப்பைப் பிளேடால் வெட்டுவதுபோலச் சேர்த்தே வெட்டுங்கள். பிடிமானம் கெடாமல் தப்பு போய்விடும். முக்கால்வாசி பாடல்களுக்கு எடிட்டிங் இத்துடன் முடிந்துவிடலாம். முடிந்துவிட்டால் மகிழ்ச்சியோடு எழுந்து போங்கள்.

வெட்டும் இடம் ஒரு வலுவான அடிக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், கிக்கோ ஸ்நேரோ. 5 முதல் 10 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் (ஒரு டேக் அடங்க அடுத்தது எழும் ஒட்டு) போதும். அந்த அடியின் ஓசை ஒட்டை மறைத்துவிடும். தொல்லை தருவது சிம்பல்தான். பல்லவியின் முதல் பீட்டில் கிராஷ் (பெரிய சிம்பல்) அடித்தால் அதன் ஓசை பல விநாடிகள் நீளும். அது அடங்கும் நடுவில் வெட்டினால், கிராஷ் திடீரென்று கழுத்து நெரிபட்டதுபோல் நிற்கும். அல்லது புது டேக்கில் யாரும் அடிக்காத ஒரு சிம்பலின் வால் மட்டும் கேட்கும். ஆகவே கிராஷுக்குப் பின்னால் வெட்டுவதைவிட, கிராஷுக்கு முன்னாலேயே வெட்டி, கிராஷையும் புது டேக்கில் இருந்தே எடுப்பது பாதுகாப்பு.

படி 6: டிரம்ஸ், அதாவது உண்மையான சோதனை

இங்கேதான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன, கெடுவது தெரியாமலே.

திரையை அணைத்துவிட்டோ, முகத்தைத் திருப்பிக்கொண்டோ பாட்டை முதலில் இருந்து கேளுங்கள். எங்கே உடம்பு தடுமாறுகிறதோ அந்த நேரத்தை எழுதுங்கள். அநேகமாக ஐந்தாறு இடங்கள் வரும். இப்போது திரையைப் பார்த்தால், க்ரிட்டில் இருந்து விலகிய நூறு அடிகள் தெரியும். திருத்த வேண்டியது எழுதிவைத்த ஐந்தாறு இடங்களைத்தான்.

அடுத்து, விலகலின் தன்மையைப் பாருங்கள். ஸ்நேர் எப்போதும் 10, 15 மில்லி விநாடி பிந்தியே விழுகிறது என்றால் அது அந்த டிரம்மரின் கையெழுத்து. பாஸ் வாசிப்பவர் அதைக் கேட்டுத்தான் தன் விரலை வைத்திருப்பார். அதைக் க்ரிட்டுக்கு இழுத்தால், சரியாக இருந்த பாஸ் இப்போது பிந்தியதாகிவிடும். அதையும் இழுப்பீர்கள், பிறகு கிட்டாரையும். ஒரு நூலை உருவப்போய்ச் சட்டை முழுதும் பிரிந்த கதைதான். ஸ்நேர் சில சமயம் முன்னே, சில சமயம் பின்னே என்று அலைந்தால் மட்டுமே திருத்தம் தேவை. அப்போதும் அளவுகோல் அந்த டிரம்மரின் நல்ல நான்கு பட்டைகள்தான் (பட்டை என்பது ஒரு தாளச் சுற்று). அவர் சரியாக வாசித்த இடத்தில் ஸ்நேர் எங்கே விழுகிறதோ, அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

இறுக்கம் அதிகம் வேண்டிய பாட்டு என்றால் படிப்படியாக இறங்குங்கள். முதலில் ஒவ்வொரு பகுதியின் தொடக்க பீட்டை மட்டும் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே தொடாமல் கேளுங்கள். போதவில்லையா, நான்கு பட்டைக்கு ஒரு முறை. அதுவும் போதவில்லையா, ஒவ்வொரு பட்டையின் முதல் பீட். இதற்குப் பிறகும் தேவைப்பட்டால்தான் ஒவ்வோர் அடியாகக் க்ரிட்டுக்கு நகர்த்தும் குவான்டைஸ், அதையும் முழு வலுவில் போடாமல். 70, 80 சதவீதம் வைத்தால் பெரிய பிசகு சிறிய பிசகாகும். சிறிய விலகல்கள் மனித அளவில் தங்கும். வேகமான டபுள் கிக் ஓடும் இடங்களில் மட்டும் கிட்டத்தட்ட முழு வலுவும் தேவைப்படும். படி 1இல் பார்த்த கணக்கே காரணம்.

ஃபில்களை (பகுதிகளுக்கு நடுவே டிரம்மர் அடிக்கும் சிறு நிரப்புகளை) தொடாதீர்கள். ஃபில்லில் டிரம்மர் கொஞ்சம் அவசரப்படுவதும் இழுப்பதும் இயல்பு. அது விழும் இடம், அதாவது அடுத்த பட்டையின் முதல் அடி, சரியாக இருந்தால் போதும். பேய்த்தனமாக நேராக்கிய ஃபில், ஆளில்லாத கிட்டில் இருந்து வருவதுபோல் கேட்கும்.

தொழில்நுட்ப விதி ஒன்று: எந்த அடியை நகர்த்தினாலும் டிரம்ஸின் எல்லா மைக்குகளும் சேர்ந்தே நகர வேண்டும். ஸ்நேர் மைக்கை மட்டும் நகர்த்தினால், மேல் மைக்குகளில் உள்ள ஸ்நேரோடு அது மோதி, ஒலி மெலிந்து காற்றுப்போன மாதிரி ஆகும். இரண்டாவது, டிரம்ஸை வெட்டி நகர்த்தி கிராஸ்ஃபேட் போடுவது, இழுத்து நீட்டுவதைவிட நல்லது. எலாஸ்டிக் ஆடியோ போன்ற நீட்டும் கருவிகள் வசதியானவைதான், ஆனால் சிம்பலின் சிலிர்ப்பு அதில் குழைந்துபோகும்.

சாம்பிள் வைத்து அடிகளை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. இது நேற்று வந்த பாவம் இல்லை. ஸ்டீலி டேனின் 'காச்சோ' (1980) ஆல்பத்துக்காக ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கோல்ஸ் வெண்டெல் என்ற டிரம் சாம்பிள் கருவியையே உருவாக்கினார். டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' (1987) டிரம்ஸ் ஒலி பெருமளவு சாம்பிள்களால் ஆனது. இரண்டும் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை, அந்த ஒலிதான் நோக்கம். உங்கள் பாட்டுக்கு அது நோக்கமில்லை என்றால், சாம்பிளை அசல் ஸ்நேருக்கு அடியில் மெல்லக் கலக்குங்கள், மாற்றிவிடாதீர்கள். ஒரே சாம்பிள் ஒரே வலுவில் வரிசையாக வந்தால் இரண்டாவது பட்டையிலேயே காது கண்டுபிடித்துவிடும்.

படி 7: பாஸும் கிட்டாரும்

பாஸின் அளவுகோல் கிக். க்ரிட்டைத் திரையில் இருந்தே மறைத்துவிடுங்கள். கிக்கும் பாஸும் ஒன்றாகத் தொடங்குகின்றனவா என்பதை மட்டும் கேட்டு, இரண்டாகக் கேட்கும் இடங்களைச் சரிசெய்யுங்கள்.

கிட்டாரில் திருத்துவதைவிட மறுபடி வாசிப்பது வேகமானது. ஒரு வரி தப்பினால் அந்த வரிக்கு இரண்டு பட்டை முன்னால் இருந்தே வாசித்துக்கொண்டு வந்து பன்ச்-இன் (அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பதிவு) செய்யுங்கள். ஒற்றைச் சுரத்தை மட்டும் நுழைக்க முயன்றால் கையின் வலு பொருந்தாது. இடமும் வலமும் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இரண்டு முறை வாசித்து அகலம் காட்டும் வழக்கம் உண்டு. அந்த அகலம் எங்கிருந்து வருகிறது? இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாட்டில் இருந்து. இரண்டையும் ஒரே க்ரிட்டுக்கு நறுக்கென்று வைத்தால் அகலம் சுருங்கிவிடும். முதல் வாசிப்பைப் பிரதியெடுத்து மறுபக்கம் வைத்தால் அகலம் அறவே வராது, நடுவில் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

முதல் பல்லவியை மூன்றாவது பல்லவிக்குப் பிரதியெடுப்பதும் அப்படியே. மூன்றாவது பல்லவிக்கு வரும்போது கை சூடேறியிருக்கும், சரத்தை அழுத்தமாக இழுக்கும். அதைத் தூக்கிவிட்டு முதல் பல்லவியை ஒட்டினால் பாட்டு மேலே ஏறாமல் அங்கேயே நிற்கும். ரிஃப் சட்டென்று நின்று மௌனம் விழும் இடங்களில் மட்டும் தாராளமாக வெட்டலாம். அந்த மௌனம் எவ்வளவு சுத்தமோ, அடுத்த அடி அவ்வளவு வலுவாக விழும்.

படி 8: குரல்

குரலைப் பல டேக்குகளில் இருந்து தொகுப்பது எல்லோரும் செய்வது. வரி வரியாகத் தொகுங்கள். அசை அசையாகத் தொகுக்கத் தொடங்கினால் மூச்சு எங்கே இழுத்தார், ஏன் இழுத்தார் என்ற தொடர்ச்சி போய்விடும். மூச்சொலிகளை அழிக்காதீர்கள், அதிகமாக இருந்தால் சற்றுக் குறையுங்கள். மூச்சே விடாத பாடகரைக் கேட்டால் கேட்பவருக்கும் மூச்சுமுட்டும்.

சுருதித் திருத்தம் 1997இல் ஆட்டோ-டியூன் மென்பொருளோடு பரவத் தொடங்கியது. ராக் குரல் பெரும்பாலும் சுரத்துக்குக் கீழே இருந்து சறுக்கி ஏறித்தான் போய்ச் சேரும். தானியங்கி முறையை வேகமாக வைத்தால் முதலில் போவது அந்தச் சறுக்கல்தான். எனவே மெலோடைன் மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் தனியாகக் காட்டும் கருவியில், நீண்டு நிற்கும் சுரங்களை மட்டும், அதுவும் கிட்டார் கார்டோடு உரசுகிற இடத்தில் மட்டும் நகர்த்துங்கள். கத்தும் இடத்தில் சுருதி பார்ப்பது வீண் வேலை.

ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் இரட்டைக் குரல் 'செயற்கை' என்று தயங்குபவர்களுக்கு: நிர்வானாவின் கர்ட் கோபேனும் தயங்கினார். ஜான் லெனன் செய்திருக்கிறார் என்று புட்ச் விக் எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

படி 9: எந்தத் தப்பை வைத்துக்கொள்வது

கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' (1963) பதிவில், கிட்டார் தனி வாசிப்புக்குப் பிறகு பாடகர் முந்திக்கொண்டு நுழைந்து, தப்பு தெரிந்து நிறுத்துகிறார்; டிரம்மர் ஒரு ஃபில் அடித்து இடைவெளியை மூடுகிறார். போலிஸ் என்ற குழுவின் 'ராக்ஸேன்' (1978) தொடக்கத்தில் பாடகர் ஸ்டிங் தெரியாமல் பியானோ மேல் உட்கார்ந்துவிட்ட ஓசையும் அதற்கு அவர் சிரித்த சிரிப்பும் இருக்கின்றன. லெட் செப்பலினின் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' முழுக்க டிரம் பெடல் கிரீச்சிடுவதைக் கேட்கலாம்.

இவற்றில் 'லூயி லூயி' தான் பாடம். அந்தத் தப்புக்கு இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு தப்பை வைப்பதா நீக்குவதா என்ற கேள்வி வரும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: மற்றவர்கள் அதைக் கேட்டு ஏதாவது செய்தார்களா? டிரம்மர் தவறி ஓர் அடி கூட்டி அடிக்க, பாஸ் அதோடு சேர்ந்துகொண்டால், இரண்டையும் தொடாதீர்கள். யாரும் கவனிக்காமல் போன தனித் தப்பு என்றால், ஒரே நாளில் மூன்று முறை கேட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை அது வருவதற்கு முன்பே எரிச்சல் வந்தால் நீக்குங்கள். வரப்போகிறதே என்று புன்னகை வந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் இல்லாதபோது

ஒவ்வொருவரும் அவரவர் அறையில் பதிவுசெய்து கோப்புகளை அனுப்பிக்கொள்ளும் குழுக்கள் இப்போது ஏராளம். வழக்கமாகக் கணினியே அடிக்கும் பொம்மை டிரம்ஸ் நிரல் ஒன்றுக்குக் கிட்டார் வாசித்து, கடைசியில் உண்மை டிரம்ஸ் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் டிரம்மர் ஏற்கெனவே உறைந்துபோன ஒன்றின் மேல் வாசிக்கிறார். இதை மாற்றலாம். தற்காலிகக் கிட்டாரும் குரலும் வைத்து டிரம்ஸை எடுங்கள். பிறகு பாஸ், பிறகு தற்காலிகக் கிட்டாரைத் தூக்கிவிட்டு அந்த டிரம்ஸையும் பாஸையும் கேட்டு உண்மைக் கிட்டார். நேரம் கூடுதலாகும், ஆனால் ஒவ்வொருவரும் மனிதர் ஒருவரைக் கேட்டு வாசித்திருப்பார்கள்.

நிரல் டிரம்ஸையே கடைசிவரை வைக்க முடிவுசெய்தால் அதையும் கூச்சமில்லாமல் செய்யுங்கள். மெஷுகா என்ற மெட்டல் குழு தன் 'கேட்ச் தர்ட்டி த்ரீ' (2005) ஆல்பத்தில் அதைத்தான் செய்தது, இத்தனைக்கும் உலகின் மிகச் சிறந்த டிரம்மர்களில் ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார்.

படி 10: மிக்சிங்குக்கு அனுப்பும் முன்

திருத்திய வடிவத்தையும் திருத்தாத வடிவத்தையும் ஒரே ஒலியளவில் வைத்து, ஒருநாள் இடைவெளிவிட்டுக் கேளுங்கள். ஒலியளவு சமமாக இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதுதான் நன்றாகத் தோன்றும். எது எது என்று தெரியாமல் குழுவில் ஒருவர் மாற்றி மாற்றிப் போடட்டும். திருத்தாதது பிடித்திருந்தால் அதையே அனுப்புங்கள். எடிட்டிங்குக்குச் செலவழித்த மணிநேரத்தை நினைத்துப் பிடிவாதம் வேண்டாம்.

மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் ஒலியை இறுதிசெய்யும் கட்டத்தில்) சத்தத்தைக் கூட்டுவதற்காகச் செய்யும் நசுக்கலும் வாசிப்பை அழிக்கும். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008) வெளிவந்தபோது, கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாடல்கள் குறுந்தகட்டைவிட நசுக்கல் குறைவாக, நன்றாக இருக்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மெல்லிய அடிக்கும் வலுவான அடிக்கும் இடைவெளி இல்லாமல் போனால், ஒன்பது படிகளில் காப்பாற்றியது பத்தாவதில் போய்விடும். மாஸ்டரிங் செய்பவரிடம் எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

டிரம்மரை அழைத்து, இறுதி எடிட்டைக் கேட்கவிடுங்கள். 'இதை மேடையில் வாசிக்க முடியுமா?' என்று கேளுங்கள். கை நடுவில் தயங்கினால், எந்த இடத்தில் என்று கேட்டு அதை மட்டும் பின்வாங்குங்கள்.

கடைசியாக, வெட்டாத முழு டேக்குகள் அத்தனையையும் தனிக் கோப்புறையில் வையுங்கள். ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் பூச்சிய நேரத்தில் தொடங்கும் வேவ் கோப்பாக, பெயரில் டேக் எண்ணோடு இருக்கட்டும். குறிப்பெடுத்த காகிதத்தையும் ஃபோனில் படமெடுத்து அதிலேயே போட்டுவிடுங்கள். மென்பொருள் மாறும், பழைய திட்டக் கோப்புகள் திறக்காமல் போகும். வேவ் கோப்பு எதிலும் திறக்கும். இரண்டு பிரதி, இரண்டு வேறு இடங்களில்.